திருநீலகண்டர் இல்லறமும் திருவருளும்

அடியார் வரலாறு பாடப் புகுந்த சேக்கிழார், அவர்தம் இல்லங்களைக் குற்றமே அறியாத கோயில்களாகப் புனைந்துரைத்திலர். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த பெரியபுராணத்தில், சூளுரைத்துத் தவறிய கணவர் உளர். மனைவியை அஞ்சி மரக்கலமேறிப் பிரிந்த வணிகன் உளன். தந்தையின் தாளை வெட்டிய மைந்தரும் உளர். இத்தகைய குடும்பங்களிலே திருவருள் எங்ஙனம் தொழிற்படுகின்றது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருவது திருநீலகண்ட நாயனார் புராணம்.

தில்லையிலே வேட்கோவர் குலத்திற் பிறந்து, அடியார்க்குத் திருவோடு வனைந்தளிக்கும் தொண்டினர் திருநீலகண்டர். தொண்டிற் குறையாத அவர் ஒழுக்கத்திற் குறைந்தார். பரத்தையிடஞ் சென்று மீண்டார். அதனையறிந்த மனைவியார் இல்லறக் கடமைகளுள் ஒன்றையும் கைவிடாது, கூட்டத்துக்கு மட்டும் இசையாராயினார். கணவர் நெருங்கியபோது, அவர் உயிரெனப் போற்றிய திருநீலகண்டத்தின்மீது ஆணையிட்டுத் தடுத்தார். அவ்வாணையில் அம்மையார் தம்மைப் பன்மையிற் சுட்டினர். நாயனாரோ அப்பன்மைச் சொல் பெண்ணினம் முழுவதையும் தழுவுவதாகக் கொண்டு, பிறமாதரை மனத்தாலும் தீண்டேன் என உறுதி பூண்டார். அயலார் அறியாவண்ணம் சிறுமனை ஒன்றில் இருவரும் தீண்டாது வாழ்ந்து மூப்பெய்தினர்.

இக்குடும்பம் பிளவுண்டது உண்மை. ஆயினும் அப்பிளவின் நடுவே நின்றது இறைவன் திருநாமம் என்பது கருதத்தக்கது. மனைவியார் சினத்திலும் அந்நாமத்தையே பற்றினர். கணவரும் அதனைக் கடந்திலர். பிரித்த ஆணையே இருவரையும் ஒரே நெறியில் நிறுத்தியது.

சிவயோகியாராய் வந்த இறைவன் ஓடொன்றை அடைக்கலமாகத் தந்து, பின்னர் மறைத்து, நாயனாரையே கள்வரென்று தில்லைவாழந்தணர் அவையில் வழக்குரைக்கின்றார். மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்தல் வேண்டும் என்பது தீர்ப்பு. நாயனார் மூங்கிற்கோலின் ஒரு முனையைத் தாமும் மறுமுனையை மனைவியாரும் பற்ற இறங்குகின்றார். யோகியார் அதனை ஏற்றிலர். வேறு வழியின்றி நாயனார் பழைய நிகழ்ச்சியை யாவரும் கேட்க உரைத்து மூழ்குகின்றார். இருவரும் இளமை பெற்று எழுகின்றனர்.

இருவரையும் சேர்த்துவைத்தலே கருத்தாயின், இறைவன் அதனை மனையகத்தே செய்திருத்தல் கூடும். ஓடும் வழக்கும் அவையும் எதற்கு? அக்குடும்பத்தின் குறை தவற்றில் மட்டும் இருந்ததன்று. அதனை மூடிவைத்த மறைவிலும் இருந்தது. செய்யாத களவுக்காக அவையேறியவர், செய்த பிழையைத் தாமே வாய்விட்டுரைக்கின்றார். ஓட்டினாலே தொண்டு செய்தவரை அவ்வோட்டினாலேயே சோதித்து மெய்ம்மைக்குக் கொணர்கின்றது திருவருள். கதையமைப்பில் இதுவே சேக்கிழாரின் நுட்பம்.

இங்ஙனமாயின் பிழை எளிதாகிவிடாதோ எனச் சிலர் ஐயுறலாம். சுந்தரர் வரலாறு அவ்வையத்தை நீக்கும். பரவையார் பொருட்டு நள்ளிரவில் இருமுறை தூது நடந்த அதே இறைவன், சங்கிலியார்க்குக் கொடுத்த சூளை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த தம் தோழரின் கண்ணொளியைப் பறித்தான். அருள் பிழையைக் காணாது விடுவதன்று.

அருள் என்பது பிரிந்தோரை எப்போதும் கூட்டிவைத்தலுமன்று. காரைக்காலம்மையாரின் கணவன் வேறுமணம் புரிந்தான்; மகளுக்கு அம்மையார் பெயரையே இட்டான்; இறுதியில் அவர் திருவடியிலும் வீழ்ந்தான். அக்குடும்பம் மீளக் கூடவில்லை. கணவன் பொருட்டுச் சுமந்த தசைப்பொதியை அம்மையார் கழித்தார். அப்பிரிவே அவரது திருநெறியின் வாயிலாயிற்று.

ஒரு குறையும் கூறத்தக்கது. திருநீலகண்டரின் மனைவியார்க்குப் புராணம் பெயர் தந்திலது. நெடிய அவ்வாண்டுகளில் அவர் உள்ளம் பட்ட பாட்டையும் விரித்திலது. பிழை செய்தவர் கணவர்; இளமை இழந்தவர் இருவர். எனினும், அவ்வம்மையாரின் ஆணை இன்றேல் நாயனாரின் உறுதி இல்லை. அவ்வுறுதி இன்றேல் இப்புராணமே இல்லை. மூங்கிற்கோலின் மறுமுனையைப் பற்றியிருந்த கையையும் நோக்கிக் கற்போர்க்கே இவ்வரலாறு முழுமையாக விளங்கும்.