டிரெஸ்டனில் பழகிய உடல்

மணிரத்னத்தின் ‘உயிரே’ படத்தில் கதாநாயகனின் பாட்டியாகச் சிறிது நேரமே தோன்றி மறையும் ஸோரா ஸேகலைத் தமிழ் ரசிகர்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் கிழவியின் சரீரம், ஹிட்லர் அதிகாரத்துக்கு வருவதற்குச் சற்று முந்திய ஆண்டுகளில், டிரெஸ்டன் நகரத்து நடனப் பள்ளியொன்றில் பக்குவப்பட்டது என்பதை அறிந்தவர் சிலரே.

கோஷா முறை வழங்கிய பட்டாணியர் குடும்பத்தில் 1912-ல் பிறந்த அவர், லாகூரில் படிப்பை முடித்து, மாமாவுடன் மோட்டாரில் தரை வழியாகவே ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, மேரி விக்மன் 1920-ல் டிரெஸ்டனில் நிறுவிய பள்ளியில் சேர்ந்தார். பாலே நடனத்தின் நளினத்தை வேண்டாமென்று தள்ளிய விக்மன், முரசும் சேகண்டியும் ஒலிக்க, சில வேளை சங்கீதமே இல்லாமல், உடல் இறுகுவதையும் தளர்வதையும், ஆடுபவருக்கும் சுற்றியுள்ள வெளிக்கும் உள்ள உறவையுமே பாடமாக வைத்தவர். காலின் ஊன்றலிலிருந்து குரலின் வீச்சு வரை உடம்பு முழுவதையும் ஒரே கருவியாக்கிவிடுவது இம்முறையின் பெருமை. குறையும் அங்கேதான் பிறக்கிறது: தன் உள்ளத்து வேகத்தை வெளியிடுவதே கலையெனக் கொண்டவிடத்தில், பாத்திரத்துக்குள் கரைந்துபோகும் அடக்கத்துக்கு இடம் சுருங்கிவிடுகிறது, நம் அபிநய சம்பிரதாயம் கண்ணுக்கும் கைக்கும் வகுத்த நுட்பமோ அங்கு அறவே இல்லை.

1935-ல் உதயசங்கரின் குழுவில் சேர்ந்து, பின்னர் பாலசரஸ்வதியின் ஆசான் கந்தப்ப பிள்ளையும் கதகளி சங்கரன் நம்பூதிரியும் கற்பித்த அல்மோரா கலாமையத்தில் தாமும் ஆசிரியையாக இருந்த காலம், அந்தக் குறையை ஓரளவு ஈடு செய்திருக்க வேண்டும். முழுவதும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம். 1945 முதல் பதினான்கு ஆண்டுகள் பிருத்வி தியேட்டரில் ஊர் ஊராக நாடகமாடியபோது அது குறையாகவே தெரிந்திராது; கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டிய நடிப்புக்கு டிரெஸ்டன் பயிற்சியைவிட வேறு என்ன வேண்டும்!

சினிமாவின் கதை வேறு. கான் விழாவில் பரிசு பெற்ற ‘நீச்சா நகர்’ 1946-லேயே அவருக்கு வாய்த்தும், ‘பாஜி’க்கு நடனம் அமைத்தும், ஹிந்திப் படவுலகம் அவரை உண்மையில் கண்டுகொண்டது, லண்டனில் நெடுங்காலம் தொலைக்காட்சியிலும் படங்களிலும் நடித்துத் திரும்பிய பிறகு, அதாவது எண்பதைத் தாண்டிய வயதில்தான். குறும்புக்காரப் பாட்டி என்ற ஒரே அச்சில் அவரை வார்த்தார்கள், அவரும் மறுக்கவில்லை. முழு உடம்பால் பேசக் கற்றவரைக் கழுத்துக்கு மேலே மட்டும் படம் பிடித்ததால், ‘சீனி கம்’மில் அமிதாபின் தாயாக அவர் செய்யும் அமர்க்களம் எனக்குச் சற்று மிகையாகவே படுகிறது. 95-ஆம் வயதில் நடித்த ‘ஸாவரியா’வில், அறை கேட்டு வரும் இளைஞனிடம் கடுகடுத்து, அவன் கொஞ்சலுக்கு இளகும் வீட்டுக்காரியைப் பாருங்கள்: முகம் கனிவதற்கு முன்பே தோள் தளர்ந்துவிடுவதுபோல் தோன்றும். ‘வீர்-ஸாரா’வில், தம் அஸ்தியைக் கீரத்பூரில் கரைக்கும்படி வேண்டும் சீக்கியத் தாதியாக அவர் காட்டும் நிதானம், அடக்கமும் அவருக்கு எட்டாததல்ல என்பதற்குச் சாட்சி, அதைக் கேட்டு வாங்கிய இயக்குநர்கள்தாம் குறைவு.

2014-ல், 102-ஆம் வயதில் மறைந்த அவரைத் திரைப்படங்களைக் கொண்டு மட்டும் எடைபோடுவது நியாயமன்று. பாகிஸ்தானில் குடியேறிவிட்ட தங்கை உஸ்ராவுடன் 1993-ல் லாகூரில் நடித்த ‘ஏக் தீ நானி’ நாடகத்தையும், முதுமையில் அவர் மேடைதோறும் ஒப்பித்த உருதுக் கவிதைகளையும் சேர்த்தே கணிக்க வேண்டும். திரையில் மிகையாகத் தோன்றிய அதே குரலும் கைவீச்சும் அங்கே அளவாகவே அமைந்தன.