சாத்தனாரிடம் மீண்டும் சென்றேன்

பள்ளிப் பருவத்திலே நான் வெறுத்த புலவர் ஒருவர் உண்டு, சீத்தலைச் சாத்தனார்! மணிமேகலை மனப்பாடப் பகுதியிலே ஓரடி தவறியதற்காகப் பெஞ்சின்மீது நின்றவன் நான். கல்லூரியிலே பொருள் புரிந்தது, வெறுப்பும் வளர்ந்தது. தெய்வம் பெண்ணைத் தூக்கிச் செல்கிறது, மந்திரம் உருவை மாற்றுகிறது, தூணிலுள்ள பாவை பேசுகிறது. பகுத்தறிவாளனுக்கு இங்கே என்ன வேலை என்று ஏட்டை மூடினேன்.

சென்ற திங்கள் என் மாணவன் ஒருவன் கேட்டான்: “அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் உண்டா ஐயா?” இல்லை என்றேன். “பிறகு ஏன் எழுதினார்?” என்றான். விடையில்லை என்னிடம். அன்றிரவு, 1898இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றித் தந்த அந்நூலின் முப்பது காதைகளையும் மீண்டும் தொடங்கினேன்.

கண்டது என்ன? பாத்திரம் பொய்; பசி மெய்! புகார் நகரத்து உலக அறவியிலே பசியால் வாடியோரும், பிணியுற்றோரும், ஆதரவு அற்றோரும் கூடிக் கிடக்கின்றனர். அவர்களை நோக்கித்தான் நடக்கிறாள் காவியத் தலைவி. வேண்டியது கேள் என்கிறான் சோழ மன்னன். கணிகையர் குலத்திலே பிறந்த அப்பெண் பொன் கேட்டாளில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்கிறாள்! ஆபுத்திரனோ வேள்விப் பசுவை விடுவிக்கிறான். பிறப்பைச் சொல்லி இழித்த அந்தணரிடம், உங்கள் முனிவர்கள் மானுக்கும் நரிக்கும் பிறந்தவர்கள் அல்லரோ என்று வினவுகிறான். நம் மேடைகளிலே எழும் வினா அன்றோ இது!

ஆயினும், பிடித்ததை மட்டும் பொறுக்கிக்கொள்வது திறனாய்வு ஆகாது. வஞ்சி நகரிலே, காட்சி ஒன்றே சான்று என்னும் பூதவாதியைக் கண்டு மணிமேகலை நகைக்கிறாள். முற்பிறப்பு நினைவைக் காட்டி நகைப்பது செல்லாக் காசு. ஆனால், உன் தாய் தந்தையரை நீ அறிந்தது கருதலால் அன்றோ என மடக்குகிறாளே, அது செல்லும். முதலிலே சினந்தேன், பின்னர் தெளிந்தேன். கருதலும் அறிவின் கருவிதான். அங்கே அவள் வென்றது மந்திரத்தால் அன்று, வாதத்தால்!

காயசண்டிகையின் தீராப் பசிக்கு முனிவர் சாபத்தைக் காரணம் காட்டும் சாத்தனாரை மட்டும் நான் ஏற்கேன். பசியைச் சாபத்தின் தலையிலும் வினையின் தலையிலும் சுமத்தினால், களஞ்சியத்தைப் பூட்டியவன் தப்பிவிடுவான்.

மாணவனிடம் சொன்னேன்: “பாத்திரம் கற்பனை, அதைக் கற்பிக்கத் தூண்டிய பசி கற்பனை அன்று.” இவ்வாண்டு என் வகுப்பிலே மணிமேகலைக்கு வாதம் முதலில், மனப்பாடம் பிறகு.