கடைசிப் பத்தி

எந்த ஆய்வுக் கட்டுரையையும் நான் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். தமிழ் படித்தவளுக்கு அறிவியல் சூத்திரங்கள் புரியாமல் போகலாம், நன்றியுரை புரியும். யாருக்கு எந்த வினைச்சொல் என்பது மொழியின் விவகாரம்.

1953 ஏப்ரல் 25 'நேச்சர்' இதழில், டி.என்.ஏ.வின் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த சிறிய கட்டுரையை அப்படித்தான் படித்தேன். வில்கின்ஸ், ஃபிராங்க்ளின் குழுவினரின் அச்சாகாத சோதனை முடிவுகளைப் பொதுவாக அறிந்திருந்தது தங்களைத் தூண்டியதாகக் கடைசியில் சொல்கிறார்கள். தூண்டுதல் என்பது திரிக்குச் செய்வது; எண்ணெய் நம்முடையதாக இருக்க வேண்டும். இங்கே எண்ணெயே ரோசலிண்ட் ஃபிராங்க்ளினிடமிருந்து வந்தது. அவர் மேற்பார்வையில் 1952இல் காஸ்லிங் எடுத்த எக்ஸ்ரே படத்தை வில்கின்ஸ் வாட்சனிடம் காட்டினார். ஃபிராங்க்ளினின் அளவீடுகள் இருந்த அறிக்கை பெருட்ஸ் வழியாகக் கிரிக்கிடம் வந்தது. அவை தங்கள் கையிலிருந்தது கிங்ஸ் கல்லூரியில் எவருக்கும் தெரியாது என்று வாட்சனே 1968இல் எழுதினார். ஃபிராங்க்ளின் 1958இல், 37 வயதில் இறந்துவிட்டிருந்தார்.

அதே இதழில் ஃபிராங்க்ளினும் காஸ்லிங்கும் எழுதிய கட்டுரை மூன்றாவதாக அச்சானது. வரிசையும் ஒரு வாதம்தான். மூலமாக இருந்தது, பின்னால் வந்து ஒத்துப்பாடும் சான்றாகிவிட்டது.

இன்னும் இரு பெண்கள் உண்டு. இரட்டைச் சுருளை வரைந்தவர் கிரிக்கின் மனைவி ஓடீல். கட்டுரையைத் தட்டச்சு செய்தவர் வாட்சனின் தங்கை எலிசபெத். இருவர் பெயரும் கட்டுரையில் இல்லை. அவர்களையும் ஆசிரியராக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு வரி நன்றி போதும். ஃபிராங்க்ளினுக்கு நன்றி போதாது; எந்த அளவீடு யாருடையது என்று கட்டுரைக்குள்ளேயே சொல்லியிருக்க வேண்டும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுதாக இல்லை. ஒப்பாரி பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டில், பாடிய அக்காக்கள் அத்தனை பேரின் பெயரும் தட்டச்சு செய்த பெண்ணின் பெயரும் இருந்தன. அதையே இதழுக்குக் கட்டுரையாகச் சுருக்கியபோது நான் முதலில் வெட்டியது அந்தப் பக்கத்தைத்தான். 'பாடல்கள் சேகரிக்கப்பட்டன' என்று எழுதினேன். செயப்பாட்டுவினை என்று வகுப்பில் இலக்கணம் நடத்துகிறவள், அதற்குள் பதினைந்து பெண்களைப் புதைத்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. நடை செறிவாக இருப்பதாகப் பாராட்டினார்கள்.

இப்போது என் மாணவிகள் கட்டுரையோடு வரும்போது, 'பட்டது', 'பட்டன' என்று முடியும் வரிகளின் கீழ் கோடு போடச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செய்தவர் பெயரை எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் போய்க் கேட்டு வர வேண்டும்.