தலை நிமிரும், கழுத்து திரும்பாது

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஒரகடத்துக் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர்கள் ஷிஃப்ட் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தபடியே இருப்பார்கள். கழுத்தின் அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழப் பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான மூட்டில் நடக்கிறது. பிறவிக் குறையாலோ, முடக்குவாதத்தாலோ, காசநோயாலோ அந்த மூட்டு விலகினால் தண்டுவடம் நெரிபடும். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறும், நடை தள்ளாடும், முற்றினால் மூச்சுக்கே ஆபத்து. அறுவை சிகிச்சை தண்டுவடத்தைக் காப்பாற்றுகிறது. பதிலுக்கு அந்தத் திருப்பத்தை எடுத்துக்கொள்கிறது.

ஒருகாலத்தில் வாய் வழியே தொண்டையின் பின்சுவரைத் திறந்து, உள்ளே அழுத்தும் எலும்பைக் குடைந்தெடுத்தார்கள். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல், இரண்டு எலும்புகளிலும் திருகாணி செலுத்தித் தகட்டால் பிணைக்கும் முறையை 1994-இல் வெளியிட்டார். பிறகு மூட்டையே விரித்து, விலகிய எலும்பை இடத்துக்கு இறக்கும் வழியையும் 2004-இல் எழுதினார். தொண்டையைத் திறக்க வேண்டிய தேவை இதனால் பலருக்கு இல்லாமல் போனது. உலகம் எடுத்துக்கொண்ட இந்திய முறை இது. திருகாணி போகும் பாதையை ஒட்டியே மூளைக்குச் செல்லும் முதுகெலும்புத் தமனி ஓடுகிறது என்பதால், தேர்ந்த கை இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

முதுகெலும்பு இறுகும் வாதத்தில் கணக்கு வேறு. அங்கே கழுத்து ஏற்கெனவே கல்லாகிவிட்டது. முகவாய் நெஞ்சில் பதிந்து, எதிரே வருபவரைப் பார்க்க முடியாது, உணவை விழுங்கவும் சிரமம். கழுத்தின் அடியில் எலும்பை வெட்டித் தலையை நிமிர்த்தும் அறுவையை அமெரிக்காவின் யூரிஸ்ட் 1958-இல் பதிவு செய்தார். முன்பு நோயாளியை உட்காரவைத்து, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, கை கால் அசைகிறதா என்று அவரிடமே கேட்டுக்கொண்டு வெட்டியதும் உண்டு. இன்று அந்த வேலையை நரம்பைக் கண்காணிக்கும் கருவிகள் செய்கின்றன. கைநரம்பு பலவீனமாகும் அபாயம் இன்னும் நீங்கவில்லை. ஆனாலும் அசைவில் இழக்க ஏதுமில்லாதவருக்கு இது பெரும் லாபம் என்றே சொல்வேன்.

சாதாரணக் கழுத்துத் தேய்மானத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. கை மரத்துப்போகிறவர் கழுத்தில் சுளுக்கு எடுக்க, நெட்டி முறிக்க யாரையும் அனுமதிக்கவும் கூடாது.

திறமை தொலைவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் வழியே போகும் பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே வேலூர், அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1949-இல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் ராமமூர்த்தி தொடங்கினார். குறை இருப்பது அறுவைக்குப் பிந்தைய வாழ்க்கையில்.

தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ திட்டத்தில், பட்டியலிட்ட நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும். இடைவெளி விழுந்து விழுந்து கான்ட்ராக்டர் மாறும் தொழிலாளி இதை எப்படிக் காட்டுவார்? பணியிடக் காயத்தால் நிரந்தரமாக ஊனமுற்று வேலை இழந்தவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி மருத்துவத்தைத் தொடரலாம். பிறவி மூட்டு விலகலுக்குத் திருகாணி போட்டுக்கொண்டவருக்கு அந்த வழி இல்லை. ஊனமுற்ற ஊழியரை நீக்காமல் மாற்று வேலை தரச் சொல்லும் 2016-ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவும் அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. ஆனால் கார் முதல் கைப்பேசி வரை செய்யும் இந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தடத்தில், திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத தரச் சோதனை மேசைகளும் பதிவு வேலைகளும் இருக்கின்றன.

இந்த அறுவைகள் செய்யத் தக்கவையே, காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டியவையே. மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் நோயாளி எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டைத் தனியார் ஆலைகளும் ஏற்று மாற்று வேலை தரும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும்.