பெயர் தெரியாத பறவை

நம் சிறுகதைகளில் 'பெயர் தெரியாத பறவை' ஒன்று ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது. காதலி போய்விடுவாள், மழை நிற்கும், உடனே அது கத்தும். நானும் ஒரு கதையில் அதைக் கத்தவிட்டவன்தான். பெயர் தெரியாததே ஒரு கவித்துவம் என்று எப்படியோ பழகிவிட்டோம். சோலைக்கிளிகளைப் பற்றிப் படித்ததிலிருந்து அந்தச் சொற்றொடர் உறுத்துகிறது.

சோலைக்கிளி என்றதும் பச்சைக்கிளியோ கல்முனைக் கவிஞரோ ஞாபகம் வரலாம். இது வேறு. மலையாளத்தில் எந்தச் சின்னப் பறவையும் கிளிதான். அப்படி எடுத்துக்கொண்டால் குழப்பமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்துச் சோலைகளில், தரையோரப் புதர் இருட்டில் திரிகிற கருநீலப் பாட்டுக்காரப் பறவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரிப் பக்கம் இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு. தெற்கே ஆனைமலை, பழனிமலையில் இருப்பதற்கு அந்தச் சிவப்பே கிடையாது. நீலம் நேராக வெள்ளை வயிற்றில் போய் முடிகிறது.

நீலகிரிப் பறவையை ஜெர்டன் 1844இல் விவரித்தார். தெற்கத்தியதற்கும் 1860களிலேயே தனிப்பெயர் கிடைத்துவிட்டது. அப்புறம் வந்த புத்தகங்கள் இரண்டையும் ஒரே இனமாகக் கட்டிவைத்தன. 2005இல் ராஸ்முசென், ஆண்டர்டன் எழுதிய தெற்காசியப் பறவைக் கையேடு மறுபடி பிரித்தது. 2017இல் வி. வி. ராபின் குழுவினர் மரபணு ஆய்வோடு 'சோலிகோலா' என்று புதுப் பேரினமே கொடுத்தார்கள். சோலையில் வாழ்வது என்று பொருள். லத்தீனுக்குள் நம் சோலை!

வெறும் பெயர்ச் சண்டை இல்லை இது. நீலகிரிச் சோலைகளைத் தேயிலையும் யூகலிப்டஸும் சீகையும் தின்றபோது, 'கொடைக்கானல் பக்கம் இருக்கே' என்று ஏட்டளவில் சமாதானம் சொல்ல இடமிருந்தது. பிரித்த பிறகு இல்லை. இன்று ஐயுசிஎன் செம்பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி 'அழியும் ஆபத்தில் உள்ளது'. தெற்கத்தியது ஒரு படி கீழே, 'பாதிக்கப்படக்கூடியது'.

இந்த இரண்டாவது சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்கடி சளிபிடிக்கிற உடம்பைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கிறது. தெற்கத்தியதும் மலையுச்சித் தீவுகளில்தான் வாழ்கிறது. ஒரு சோலைக்கும் அடுத்ததற்கும் நடுவே தேயிலைச் சரிவு. புதர் இருட்டை விட்டு வெளியே வரத் தயங்குகிற பறவைக்கு அது கடல்.

கதாபாத்திரத்துக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம், சரி. எழுதுகிறவருக்கும் தெரியாது என்றால், அந்தப் பறவை காணாமல் போனாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. வேறு எதாவது கத்தும், அதுவும் பெயர் தெரியாததாகவே இருக்கும்.

என் கதையைத் திருத்தலாமென்று போன வாரம் திறந்தேன். களம் ஊட்டி. 'நீலகிரிச் சோலைக்கிளி' என்று போட்டுவிட்டு முன்னால் இருந்த வரியைப் படித்தேன். அவள் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே நடந்து போகிறாள். பெயரை அழித்தேன். அங்கே அது எங்கே பாடப்போகிறது?