14 அங்குலப் பெட்டியில் மாரியோ

1985 செப்டம்பரில் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’, சென்னைக் காலடிப்பேட்டைச் சந்துகளுக்குள் அந்த நிறுவனத்தின் பெட்டியில் வந்து சேரவில்லை. பர்மா பஜாரில் கிடைத்த பெயரற்ற ‘டிவி கேம்’ ஒன்றின் கேசட்டில், வேறு பல ஆட்டங்களுக்கு நடுவே ஒன்றாகவே பிரவேசித்தது. அதனை மீண்டும் பரிசீலிக்கப் புகுந்த நான், அத்தகைய பெட்டி ஒன்றை முதலில் கூடத்துச் சுவரில் தொங்கும் எல்.இ.டி. தொலைக்காட்சியிலும், பின்னர் 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீட்டுக்கு வந்து, காலப்போக்கில் பரண் ஏறிவிட்ட 14 அங்குல டப்பா டிவியிலும் இணைத்து ஆடிப் பார்த்தேன்.

எல்.இ.டி. திரையில் அது ஏறக்குறைய ஆட இயலாததாகவே இருந்தது. பழைய சமிக்ஞையை வாங்கி, தன் அளவுக்குப் பெருக்கி, அதன் பிறகே காட்டும் இயல்புடையது புதுத் தொலைக்காட்சி. அதற்கு ஆகும் தாமதம் விநாடியின் சிறு பின்னமே எனினும், பள்ளத்தின் விளிம்பில் பொத்தானை அழுத்தியவனுக்கு அந்தப் பின்னத்தில் ஒரு லைஃப் போய்விடுகிறது. டப்பா டிவியோ சமிக்ஞை வர வர வரிவரியாகத் தீட்டிவிடுவதால், விரல் அழுத்திய மாத்திரத்தில் மாரியோ எழும்புகிறான்.

இந்த ஆட்டத்தின் மேன்மை அந்த எழும்பலில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஓட்டப் பொத்தானைப் பிடித்திருந்தால் வேகம் படிப்படியாக ஏறுவதும், விட்டாலும் உடனே நில்லாமல் சற்றுச் சறுக்கி நிற்பதும், அழுத்தும் நேரத்துக்கேற்பத் தாவல் உயர்வதும், அந்தரத்தில் இருக்கையிலேயே சிறிது திசை திருப்ப முடிவதுமாக, ஒரு சின்னஞ்சிறு சித்திரத்துக்குக் கனம் என்ற குணத்தைக் கொடுத்த ஷிகேரு மியாமோட்டோ, தகாஷி தேசுகா முதலியோரின் சாமர்த்தியம், இன்றைய கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றில் நான் காணாதது. இவ்வளவும் 40 கிலோபைட்டுக்குள் அடக்கம். மேகத்துக்கும் புதருக்கும் ஒரே சித்திரம், நிறம் மட்டும் வேறு.

ஜப்பானில் விநாடிக்கு 60 படங்களாக ஓடுமாறு அமைந்த ஆட்டத்தை, நம் தொலைக்காட்சியின் ‘பால்’ முறைக்கேற்ப 50 படங்களாக ஓட்டும் பெட்டிகளில், மாரியோவின் ஓட்டத்தோடு கோஜி கொண்டோவின் இசையும் ஆறில் ஒரு பங்கு மந்தமாகிறது. அத்தகைய பெட்டியில் பழகிய கை, இதே ஆட்டம் இப்போது கிடைக்கும் நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் 60 படங்களின் வேகத்துக்கு இணங்கச் சற்றுக் காலம் பிடிக்கும்.

ஒரு வாக்கியமும் எழுதாமல் விதிகளை உணர்த்தும் முதல் ஸ்டேஜ் இன்றும் வியப்புக்குரியது. கட்டியை முட்டினால் வெளிப்படும் காளான், வலப்பக்கம் நகர்ந்து, பச்சைக் குழாயில் மோதி, நம்மிடமே திரும்பி வருகிறது. அது நன்மை செய்வது என்பதைத் தொட்டவுடன் அறிகிறோம். கைப்பேசியிலேயே ஆடி வளர்ந்த பக்கத்து வீட்டுச் சிறுவனும் எவரையும் கேளாமல் இவற்றைக் கற்றுக்கொண்டான். ஓரிடத்தில் மட்டும் திகைத்து, “இன்னா மாமா, பின்னால போவ மாட்டுது?” என்றான்.

திரை முன்னோக்கி மட்டுமே நகரும் அந்தக் கட்டுப்பாட்டை நான் ஏற்கிறேன். ஆனால் 4-4, 7-4 கோட்டைகளில் வழி தவறியவனை, தவறு இன்னதென்று ஒரு குறிப்பும் தராமல் அதே தாழ்வாரத்தில் சுற்றவிட்டு, நேரம் தீர்ந்ததும் கொன்றுவிடுவது அநியாயமே. 32 ஸ்டேஜ்களில் எட்டியது எதையும் பெட்டி நினைவில் வைப்பதில்லை. கரண்ட் போனால் யாவும் முதலிலிருந்து. ‘ஏ’ பொத்தானைப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்தினால், கடைசியாகத் தோற்ற உலகத்தின் தொடக்கத்திலிருந்து தொடரலாம் என்ற வசதியைத் திரையில் அறிவிக்காமல் வைத்திருந்ததற்கும் நான் சமாதானம் காணவில்லை.

ஸ்விட்ச் கருவியில் நிறுத்திய இடத்தைச் சேமிக்கவும், தவறிய கணத்தைப் பின்னோக்கிச் சுழற்றவும் வசதி உண்டு. முன்னதை மனமார வரவேற்கிறேன். பின்னது தாவலின் கனத்தையே கரைத்துவிடுவதால், அதனைத் தொடாமல் ஆடுவதே உத்தமம். டப்பா டிவி இருப்பவர் அதைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன் இந்த ஆட்டத்தை அதில் ஆடிவிட வேண்டும். இல்லாதவர் புதுத் தொலைக்காட்சியின் அமைப்புகளில் ‘கேம் மோட்’ இருக்கிறதா என்று தேடி, இருந்தால் இயக்கிக்கொள்ளலாம். தாமதம் கணிசமாகக் குறையும்.