ஓவனின் கல்லறையும் ஒரு கேள்விக்குறியும்

முதலாவது உலக யுத்தத்தைப் பாடிய ஆங்கிலக் கவிஞருள் வில்பிரெட் ஓவனின் பெயரை அறியாத இலக்கிய மாணவர் நம்மிடையே மிகச் சிலரே. யுத்தத்தின் அவலத்தைப் பாடியவன், இருபத்தைந்து வயதில் மாண்டவன் என்ற அளவில் அவனைப் போற்றி முடித்துவிடுகிறோம். அவனுடைய எழுத்து எவர் கைகளைக் கடந்து நம்மிடம் வந்தது என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்பதே இங்கு எமது நோக்கம்.

ஓவன் 1893இல் ஒஸ்வெஸ்ற்றி என்னும் ஊரிலே, பாட்டனாரின் வசதியான வீட்டிற் பிறந்தான். 1897இல் பாட்டனார் இறக்க, வீடு விலைப்பட்டது. புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்த தந்தையின் சம்பளத்தை நம்பி, குடும்பம் பேர்க்கன்ஹெட் நகரின் எளிய தெருக்களிற் குடியேறிற்று. பல்கலைக்கழகம் புகப் பணமில்லை. புலமைப் பரிசிலும் கிட்டவில்லை. டன்ஸ்டன் கிராமத்து மதகுருவுக்கு உதவியாளனாயிருந்த காலத்தில் ஏழைகளின் குடிசைகளைக் கண்டான். பின்னர் பிரான்சிலே, போர்டோ நகரில் ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தான். 1915இல்தான் படையிற் சேர்ந்தான். அவனுடைய இரக்கம் போர் அகழியிலேயே பிறந்தது என்று எழுதும் விமரிசகர்கள் இந்த ஆண்டுகளை மறந்துவிடுகின்றனர்.

1918 நவம்பர் 4ஆந் திகதி, சாம்பர்-ஒய்ஸ் கால்வாயைக் கடக்க முயன்ற படையினரோடு நின்றபோது அவன் கொல்லப்பட்டான். யுத்த நிறுத்தத்துக்கு ஒரு வாரமே இருந்தது. 11ஆந் திகதி, ஷ்ரூஸ்பரியில் மணிகள் முழங்கிக்கொண்டிருந்த வேளையிற் பெற்றோரிடம் தந்தி வந்து சேர்ந்தது.

மாண்டவர்களின் உடல்களைத் தாயகத்துக்குக் கொண்டுவரப் பிரித்தானிய அரசு இடந்தரவில்லை. வீழ்ந்த நாட்டிலேயே புதைத்து, பதவி வேறுபாடின்றி ஒரே வடிவான கல் நாட்டுவது என முடிவாயிற்று. கல்லின் அடியில் குடும்பத்தார் ஒரு வாசகம் பொறிக்கலாம். இடைவெளி உட்பட 66 எழுத்துக்கு மேற்படலாகாது. எழுத்தொன்றுக்கு மூன்றரைப் பென்ஸ் கேட்கப்பட்டது. பின்னர் அது விரும்பினோர் செலுத்துவதாயிற்று.

ஓவனின் தாய் சூசன், மகனுடைய பதினான்கடிப் பாவொன்றிலிருந்தே வாசகத்தைத் தெரிந்தெடுத்தார். அப்பாவிலே கவிஞன் வினவுகிறான்: இவ்வுடல்களுக்கு உயிர் மீளுமோ? மரணம் யாவும் நீங்கிக் கண்ணீர் ஆற்றப்படுமோ? முதுமையும் பூமியும் விடையிறுக்கின்றன. இரண்டின் விடையும் இல்லை என்பதே. ஓர்ஸ் மயானத்துக் கல்லில் முதலாவது கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. இரண்டாவது கேள்வியோ நடுவே வெட்டப்பட்டு, தன் குறியை இழந்து, முதலாவதற்கு உறுதியான விடையாகிவிட்டது. இடம் போதாமையைக் காரணங் காட்டுவாருமுளர். ஒரு கேள்விக்குறிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

அந்த அன்னையைப் பழிப்பது எமது கருத்தன்று. ஆழ்ந்த சமயப்பற்றுடைய தாய், மகன் மீள எழுவான் என்று நம்பாமல் வேறெதை நம்புவார்? 1920இல் அவர் தாகூருக்கு ஒரு கடிதம் எழுதினார். மகன் கடைசியாக விடைபெற்றபோது கூறிய வார்த்தைகள் தாகூருடையவை என்றும், திரும்பி வந்த அவன் குறிப்பேட்டில் அவ்வரிகளையும் அவற்றின் கீழ்த் தாகூரின் பெயரையும் கண்டதாகவும், முழுப் பாடல் எந்நூலில் உள்ளது என்றும் அதிற் கேட்டார். ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்துத் தாகூர் தம் பட்டத்தைத் துறந்து ஓராண்டே கழிந்திருந்தது. பேரரசின் அதிகாரியைப் பெற்றவர், அப்பேரரசின் விருதை உதறிய கவிஞரிடம் ஆறுதல் தேடிய இச்செய்தி எமது உள்ளத்தைத் தொடுகிறது. கல்லில் உள்ள வாசகத்தைவிட இக்கடிதமே மகனுக்கு நெருங்கியது என்போம்.

தம்பி ஹரோல்டின் செயல் வேறு வகையானது. குடும்ப வரலாற்றை 1963க்கும் 1965க்கும் இடையில் மூன்று பாகங்களாக எழுதியவர் அவர். அண்ணனின் கடிதங்களிற் சில பகுதிகளை மையால் அழித்தவரும் அவரே. 1918 ஒக்டோபரில் காட்டிய வீரத்துக்காக ஓவனுக்கு இராணுவச் சிலுவை வழங்கப்பட்டது. கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கியைத் தானே இயக்கி, எதிரிக்குப் பெருஞ்சேதம் விளைவித்தான் என்பது விருதுக் குறிப்பு. 1967இல் ஹரோல்டும் ஜோன் பெல்லும் பதிப்பித்த கடிதத் தொகுதியிலோ, அவன் துப்பாக்கியைக் கைப்பற்றிப் பலரைச் சிறைபிடித்ததாக அது மாறியிருக்கிறது. இரக்கத்தின் கவிஞன் கொன்றான் என்பதைத் தாங்கவியலாதவர் குடும்பத்தார் மட்டுமா? யுத்த எதிர்ப்பாளனாக அவனைக் கொண்டாடும் நாமும் அந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடவே விரும்புகிறோம். கொலைத்தொழிலில் தானும் பங்காளி என்று அறிந்தவனின் குரலாக வாசித்தாலன்றி, இறந்த பகைவன் வந்து பேசும் அவன் கவிதையின் கனம் நமக்குப் புலப்படாது.

இன்னொன்றையும் குறிப்பிடுதல் வேண்டும். ஒரே வடிவான கல் என்ற அந்தச் சமத்துவம் எல்லார்க்கும் எட்டவில்லை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணைக்குழுவே 2021இல் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. ஆபிரிக்கா, எகிப்து, இந்தியா முதலிய நாடுகளைச் சேர்ந்தோரே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர். குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர்வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர். சூமைகாரராயும் கூலிகளாயும் சென்ற அவர்களுட் பலரின் வீட்டாரிடம் எந்த வாசகமும் கேட்கப்படவில்லை.

ஓவன் உயிரோடிருந்தபோது அச்சேறிய கவிதைகள் ஒருசிலவே. நண்பர் சிக்பிரீட் சசூன் 1920இல் ஒரு சிறு தொகுதி வெளியிட்டார். கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் ஒப்புநோக்கி, அடித்தல் திருத்தல்களோடு இரு பாகங்களாக ஜோன் ஸ்டால்வேர்தி பதிப்பித்தது 1983இலேயே. ஓவனைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கல்லறை வாசகத்திலிருந்து தொடங்காது, இப்பதிப்பின் முதற்பாகத்தில் அந்தப் பதினான்கடிப் பாவை முழுமையாக வாசித்துக் காட்டித் தொடங்குவார்களாயின் நன்று.